விலக்கு

முதல் முறை, டிராலிபஸ்ஸின் கொம்பு
கம்பியிலிருந்து நழுவிய அன்று.
பிஷ்கெக்கில் பிப்ரவரி. சாலை முழுக்கப் பனிச்சேறு.
கையுறை மாட்டி, வண்டிக்குப் பின்னால் போய்,
கயிற்றை இழுத்துக் கொம்பை மறுபடி கம்பியில் ஏற்றும்போது
வலத் தோளுக்குக் கீழே
யாரோ ஒரு பொத்தானைக் கழற்றிவிட்டார்கள்.
அவ்வளவுதான்.
வண்டி முழுதாய் ஓடியது, நான் பாதியாய்.
சந்தை நிறுத்தத்தில் ஏறிய பள்ளிக்கூடத்துப் பையன்
கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான்:
"ஏன் மீன் மாதிரி வாயைத் திறக்கிறீர்கள்?"

மருத்துவர் விரலால் நெஞ்சைத் தட்டினார்.
இடப்பக்கம் மாவு மூட்டை,
வலப்பக்கம் காலித் தகரம்.
எக்ஸ்ரேயில் என் நுரையீரல்
நனைந்த கையுறைபோல
ஓரமாய்ச் சுருண்டு கிடந்தது.
சிகரெட் உண்டா? இல்லை.
பாரம் தூக்கினாயா? ஒரு வாளி நிலக்கரி.
நெட்டையாய் ஒல்லியாய் இருக்கும் பையன்களுக்குத்தான்
பெரும்பாலும் இது வரும் என்றார்.
முப்பத்தெட்டு வயதில், குட்டையாய், குண்டாய்,
மன்னிப்புக் கேட்கவேண்டியவள்போல நின்றேன்.

விலா இடுக்கில் ஒரு குழாய்.
அதன் மறுமுனை கட்டிலுக்கடியில்
புட்டித் தண்ணீருக்குள்.
இருமினால் குமிழி. பேசினால் குமிழி.
"உன் சமோவார் கொதிக்கிறது" என்பாள்
பக்கத்துக் கட்டில் ஸினைதா.
நான்காம் நாள் கொதி அடங்கியது.
குழாயை உருவித் தைத்து
வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மார்ச்சில் மறுபடி.
ஏப்ரலில் ஒன்றுமில்லை.
மே மாதம் படிக்கட்டில்.
ஜூனில், நின்ற இடத்தில் நின்று
தேநீர்க் கிண்ணம் கழுவிக்கொண்டிருக்கையில்.
எப்போதும் வலம்.
நாத்தனார் கண்ணேறு என்றாள்,
ஆர்ச்சாக் கிளையைக் கொளுத்தி
என் தலையைச் சுற்றிப் புகை காட்டினாள்.
மூச்சில்லாதவளுக்குப் புகை.
இருமி இருமி நன்றி சொன்னேன்.

டிப்போவில் வருகைப் பதிவேடு எசென்கெல்டியிடம்.
என் விடுப்புகளைச் சிவப்பு மசியில் சுழித்து
எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினான்:
"பெகாயிமுடைய நுரையீரல்
மாதா மாதம் வீட்டுக்குத் தூரம்!"
ஓட்டுநர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
பாதிச் சிரிப்பில்
பதிவேட்டைப் பிடுங்கினேன்.

பிப்ரவரி பதினொன்று. மார்ச் பத்து.
மே ஆறு. ஜூன் மூன்று.
எல்லாம் அலமாரியில் பஞ்சு தேடிய நாட்கள்,
இல்லையென்றால் அதற்கு மறுநாள்.
ஏப்ரல்தான் இடித்தது.
பிறகு ஞாபகம் வந்தது:
ஏப்ரலில் எனக்கு வரவேயில்லை.
பதினான்கு வருடத்துக்குப் பிறகு
ஒருவேளை, ஒருவேளை என்று
அவரிடம்கூடச் சொல்லாமல்
நான்கு வாரம் பொத்தி வைத்திருந்தேன்.
அந்த நான்கு வாரமும்
இரண்டு பக்கத்தாலும் மூச்சு விட்டிருக்கிறேன்,
தெரியாமல்.

தேதிகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன்.
புது மருத்துவர் ஜிபாரா சிரிக்கவில்லை.
விலாவில் துளையிட்டுக் காமிராவை உள்ளே விட்டாள்.
உதரவிதானம் சல்லடை.
துளை ஓரமெங்கும் பழுப்பாய்ப் புள்ளிகள்.
கருப்பையில் இருக்கவேண்டியது
இங்கே குடிவந்து
இங்கேயும் மாதம் தவறாமல் கசிகிறது என்றாள்.
தடம் மாறிய வண்டி,
நேரம் மட்டும் தவறவில்லை.

தைத்தார்கள். டால்க் தூவி
நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டினார்கள்.
இனி மாதத்தை நிறுத்தும் ஊசி.
அதற்கு முன் ஒரு படிவம்.
"குழந்தை விருப்பம்" என்று ஒரு கட்டம்.
பேனா அங்கே நின்றது.
ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தேன்.
வலித்தது. அடிவரை போனது.
கட்டத்தைக் காலியாக விட்டு
கீழே கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை கொம்பு மறுபடி நழுவியது.
உள்ளே பயணிகள் முணுமுணுத்தார்கள்.
இறங்கினேன், கயிற்றை இழுத்தேன்,
பொறி தெறித்தது, பிடித்துக்கொண்டது.
பதிவேட்டில் என் வரிசையில்
ஐந்து மாதமாய்ச் சிவப்பு இல்லை.
எசென்கெல்டி அதைப் பார்த்தானா தெரியாது.
அவனுக்கு நான் நன்றி சொல்லவில்லை,
சொல்லப்போவதும் இல்லை.