வேலை செய்கிற வேர்

கரண்ட் போன மதியம்.
மிஷின் செத்துக் கிடந்தது.
படிப்பில் காட்டித்தந்த பழைய முறைதான் கைகொடுத்தது:
முப்பத்தேழு டிகிரி வெந்நீரில் குழாய்,
இடக்கையில் ஸ்டாப்வாட்ச்,
சாய்த்து, நிமிர்த்தி, சாய்த்து
முதல் இழை விழக் காத்திருப்பது.

சாதாரண ரத்தம் பதின்மூன்று நொடியில் வலை பின்னிவிடும்.
ஜெனோபாவுக்கு முப்பத்தொன்று.
மாதாமாதம் முப்பத்தொன்று, முப்பது, முப்பத்திரண்டு.
திருவனந்தபுரத்தில் நெஞ்சுக்குள் வைத்த உலோக வால்வுக்கு
அவ்வளவு தாமதம் வேண்டும்.

இன்று நாற்பது.
ஐம்பது.
குளச்சல் கோயில்மணி அடித்து ஓய்ந்தது.
அறுபதில் என் கை கனத்தது.
எழுபதில்
பட்டும் படாமலும் ஒரு நூல்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பெஞ்சில்
பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி அவள்.
குத்திய இடம் இன்னும் கசிகிறது.
முழங்கைக்குக் கீழே நாவல்பழ நிறம்.
"மீன் கடவம் இடிச்சதாக்கும்" என்றாள்.
"பல்லு தேச்சு துப்பினா சிவப்பு. புது பிரஷ், கொஞ்சம் முரடு."

மாத்திரை கூடிப்போச்சா? இல்லை.
வலிக்கு ஏதும் போட்டாயா? இல்லை.
கீரையை நிறுத்தினாயா? இல்லை.
வேறு மருந்து?
"மருந்தா? ஒண்ணும் இல்ல."

பிறகு, பஞ்சைப் புரட்டிக்கொண்டே,
"சூப்பு குடிக்கேன். அது மருந்தில்லல்லா.
வேருதானே."

மகள் ஓடிப்போய் எடுத்துவந்தாள்.
பொதியில் தங்க எழுத்து, நாங்கள் யாரும் படிக்காதது.
உள்ளே வெட்டி உலர்த்திய துண்டுகள்,
திருக்கைக் குஞ்சைக் காயப்போட்டதுபோல் விரிந்து.
முகர்ந்தால் சீரகமும் ஈரமண்ணும்.

எஸ்தாக்கி வேலைபார்க்கும் இழுவைக்கப்பலில்
சமையல்காரர் சீனர்.
அவர் மனைவிக்குப் பேறு கழிந்ததும் இதுதானாம்.
ரத்தம் ஊறுமாம், மாதவலி குறையுமாம், முகம் தெளியுமாம்.
போன லீவில் இவள் மெலிவைப் பார்த்துவிட்டுப் போனவன்
சிங்கப்பூரில் அரைக்கிலோ வாங்கி
ஊருக்கு வந்த கூட்டாளியின் பெட்டியில்
சட்டைகளுக்கு நடுவே பொதிந்து கொடுத்துவிட்டிருக்கிறான்.
நாட்டுக்கோழி, நல்லமிளகு, ஆறு துண்டு வேர்.
மூன்று வாரம்.

திட்ட வாயெடுத்தேன்.
யாரை?
இது போலி இல்லை.
போலியென்றால் அவள் ரத்தம்
சமர்த்தாய் முப்பத்தொன்றில் நின்றிருக்கும்.
வேர் தன் வேலையைச் செய்தது.
மாத்திரை தன் வேலையைச் செய்தது.
கரமடிக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்;
இங்கே எல்லாரும் ஒரே கம்பாவைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

வீடியோவில் அவனை அழைத்தாள்.
பின்னால் என்ஜின் இரைச்சல்.
சமையல்காரரிடம் பொதியின் படத்தைக் காட்டிக் கேட்டுவந்து சொன்னான்:
"அதிலயே எழுதியிருக்காம் பிள்ளே.
ரத்தத்த ஓட வைக்கும்னு."
அதற்குப் பிறகு
என்ஜின் மட்டும்.

டாக்டருக்குப் போனில் எண்ணைச் சொன்னேன்: ஆறு புள்ளி நான்கு.
இன்றைய மாத்திரை வேண்டாம், வேரும் வேண்டாம்,
இப்போதே நாகர்கோவிலுக்கு அனுப்பு என்றார்.

ஆட்டோவில் ஏறும்போது திரும்பினாள்.
"மிச்சத்த நாத்தனாருக்குக் குடுக்கட்டா?
பேறு கழிஞ்சு பன்னிரண்டு நாளு.
அவளுக்கு வால்வு ஒண்ணும் இல்லல்லா."

தெரியாது என்றேன்.
அவளுக்கு என்னென்ன மருந்து ஓடுகிறதென்று
யாருக்குத் தெரியும்?
கேட்டுவிட்டுக் கொடு என்று கத்தினேன்.
ஆட்டோ சத்தத்தில் அது விழுந்ததோ என்னவோ.

சீட்டில் எண்ணுக்கு இடமுண்டு,
மாத்திரைக்கு இடமுண்டு, வயசுக்கும்.
சூப்புக்கு இல்லை.
ஓரத்தில் பேனாவைச் சரித்து நெருக்கி எழுதி
போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன்:
சீன வேர். நாளுக்கு ஆறு துண்டு. மூன்று வாரம்.
கணவர் ஆசையாய் வாங்கி அனுப்பியது.

கடைசி வரி அவருக்குத் தேவைப்படாது.
அடிக்கவில்லை.