செத்த ஓதம்

பெய்ராவிலிருந்து மின்னஞ்சல்.
போர்த்துகீசியம் தெரிந்த ஒரே ஆள் என்பதால்
செவ்வாய்ப்பேட்டை ஜவ்வரிசி மண்டியில்
எனக்கொரு நாற்காலி, இரண்டு டீ, மாதம் பதினெட்டாயிரம்.

'மரே மோர்த்தா' என்கிறார் அபீலியு.
அதனால் கப்பல் துறைக்குள் வராதாம்.
நேர்ப்பொருள் செத்த ஓதம்.
நிலா பாதியாய் நிற்கும் நாள்களில்
கடல் ஏறியும் ஏறாமல்
இறங்கியும் இறங்காமல் கிடப்பது.

"செத்த இருக்கச் சொல்றானா?" என்றார்
அர்த்தநாரி முதலாளி.
திருத்த வாயெடுத்தேன்.
யோசித்தால், அதுவேதான்.

மற்றது மரே வீவா, உயிருள்ள ஓதம்.
அதையே தூத்துக்குடி ஏஜெண்ட்
ஸ்பிரிங் டைடு என்று எழுதியிருக்க,
"வசந்தமா, சுருள்கம்பியா?"
ரெண்டும் இல்லைங்க, துள்ளுறது.
அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் துள்ளும்.
"நம்ம வெள்ளாட்டுக்குட்டி மாதிரி" என்று
கணக்கு நோட்டை மூடினார்.

வங்கி மேலாளர் போனில்,
டைட் ஓவர் பண்ண மூன்று லட்சம் தரலாம் என்கிறார்.
அந்தச் சொல்லில் தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டது.
வட்டி மட்டும் நிற்கிறது.

அபீலியுவின் கடைசி வரி
மரே டி அஸார். கெட்ட காலத்தின் ஓதம்.
கிடங்கில் கூரை போய்விட்டது,
ஜூலையில் மனைவியும்.
அதை நான் வாசித்துச் சொல்லவில்லை.
மண்டிக்குத் தேவையில்லாத வரி.

சாவி வந்தது, மேசை வந்தது,
ஜன்னல் வந்தது, அலமாரிகூட
இவ்வளவு தூரம் மேட்டுக்கு ஏறி வந்தது.
மரவள்ளியும் அவர்கள் கப்பலில்தான் என்பார்கள்.
மரே மட்டும் கரையிலேயே நின்றுகொண்டது.
நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருந்ததாலோ என்னவோ.

கடைசி பஸ். இருபது கொண்டை ஊசி.
ஐப்பசி மழையில் ஏற்காடு
தன் விளக்குகளைத் தானே தேடிக்கொண்டிருந்தது.
"அக்கா, உங்க பக்கத்துச் சுவரெல்லாம்
ஓதம் ஏறுது, பாத்தீங்களா?"
பக்கத்துப் போர்ஷன் பிலோமினா.

பார்த்தேன்.
முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு உப்பி,
உப்புப் பூத்து, நீளமாய் ஒரு கோடு,
போன வருஷக் கோட்டுக்கு
இரண்டு விரற்கடை மேலே.
கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்தில்.

அபீலியுவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.
செத்த பொறுங்கள் என்று சொல்ல வேண்டும்.
சொல் கிடைக்கவில்லை.
எழுந்து,
அலமாரியைச் சுவரிலிருந்து
ஒரு சாண் தள்ளி வைத்தேன்.