கால்களுக்குக் காவல்

பயிற்சி தொடங்கும்போது
சுவரோரம் பதினோரு கால்கள் வரிசையாகும்.
செருப்போடு சில, கேன்வாஸ் ஷூவோடு சில,
ஒன்றில் மட்டும் கொலுசு.
அது சென்றாயம்மாளுடையது.
"அந்தக் காலுக்குப் போட்டுட்டு
இதுக்குப் போடலைன்னா கோவிச்சுக்கும் மேடம்."

கிருஷ்ணகிரி விளையாட்டரங்கில்
மாநில அணிக்கு நான் மேனேஜர்.
உட்கார்ந்து ஆடும் வாலிபால், பெண்கள்.
ரயில் டிக்கெட், முட்டைக் கணக்கு,
கழிவறைக் கதவு எத்தனை அங்குலம் என்று
ஊர் ஊராய் விடுதிகளுக்குப் போன் போடுவது.
அப்புறம் இந்தக் கால்களுக்குக் காவல்.
நியமன ஆணையில்
கடைசியாகச் சொன்னது மட்டும் இல்லை.

மாம்பழ மாதம்.
கூழ் ஆலையிலிருந்து புளித்த தித்திப்பு
ஜன்னல் வழியே வந்து
வியர்வையோடு கலக்கும்.
முதல் நாள்
பாகலூர் ருக்சானா பந்துக்குப் பாய்ந்து
குப்புற விழுந்தாள்.
ஓடினேன், இரண்டு கையும் நீட்டினேன்.
நிமிராமலே சொன்னாள்:
"பந்து அந்தப் பக்கம் உருண்டுச்சு மேடம்.
அதை எடுங்க."

அன்றிலிருந்து நான் எடுப்பது பந்தை மட்டும்.
(பொய். இரண்டு முறை மறந்தேன்.
இரண்டு முறையும் அந்தப் பார்வை கிடைத்தது.)

முகாமில் பதினான்கு பேர்.
தேசியப் போட்டிக்குப் பன்னிரண்டு.
கோச் நோட்டை என் கையில் திணித்து
சொல்வது மேனேஜர் வேலை என்று போய்விட்டார்.
இரவு எல்லாரும் படுத்த பிறகு
பலகையில் பட்டியலைக் குத்திவிட்டு
ஸ்கூட்டியை முடுக்கினேன்.
ராயக்கோட்டை மேம்பாலம் தாண்டும்வரை
திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் பலகை காலி.
காகிதம் கேப்டன் முனிரத்னாவின் மடியில்
நான்காய் மடிந்து கிடந்தது.
"இதைத் தரையில உக்காந்து சொல்லுங்க.
நீங்க நிக்கிற உசரத்துல இருந்து சொன்னா
எங்களுக்கு ஒண்ணும் சரியாக் கேக்காது."

உட்கார்ந்தேன்.
மூன்றரை அடி வலை
அங்கிருந்து பார்க்க மதில்.
என் கால்களை எங்கே வைப்பது?
மடக்கினால் மரத்தன,
நீட்டினால் யாரையோ இடித்தன.
அந்த அரங்கில்
வேண்டாத சாமான் என்னிடம்தான் இருந்தது.

சென்றாயம்மா கையூன்றி நகர்ந்து
எதிரே வந்தாள்.
என்னிடம் மூன்று பொய்கள் தயார்:
பட்ஜெட், மேலிடம், அடுத்த வருஷம்.
முனிரத்னா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடப்பக்கம் வர்ற சர்வுக்கு
நீ ஒவ்வொரு தடவையும் லேட்.
பதினெட்டு நாளா எழுதி இருக்கு.
சாக்கம்மா உன்னைவிட நல்லா எடுக்கிறா."

நோட்டை வாங்கினாள்.
விரல் விட்டு எண்ணிக் கூட்டிப் பார்த்தாள்,
கடைக்காரன் பில்லைச் சரிபார்ப்பதுபோல.
"ஸ்கூல் டூர்ல விட்டுட்டுப் போனாங்க.
அக்கா கல்யாண பஸ்ல எடமில்லன்னாங்க.
எல்லாம் காலுக்காக.
ஆட்டம் சரியில்லன்னு விட்டுட்டுப் போறது
நீங்கதான் மொதோ ஆளு."

நன்றியா அது, வசையா?
சொன்ன கையோடு அழுதாள்.
நான் தோளைத் தொடவில்லை.
தொட்டிருக்கலாமோ என்று
இன்றும் தோன்றுகிறது.

வழியனுப்ப அவள் வரவில்லை.
தர்மபுரி ஸ்டேஷனில் ரயில் ஒரு நிமிஷம்தான் நின்றது.
அந்த ஒரு நிமிஷத்தில்
பன்னிரண்டு பேரும் என்னை ஏற்றிவிட்டார்கள்.

அரையிறுதியில் தோற்றோம்.
இடப்பக்கமாக வந்த சர்வ்.
சாக்கம்மாவும் லேட்.
அதையும் அதே நோட்டில் எழுதினேன்.

ஆடியில் அடுத்த முகாம்.
மாம்பழ வாடை போய்
அரங்கில் வெறும் பினாயில்.
சுவரோரம் எண்ணினேன், பதினொன்று.
வணக்கம் சொல்லாமல்
வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"இடப்பக்கமாப் போடுங்க மேடம்."
போட்டேன்.
"இன்னும் வேகமா."
போட்டேன்.
"இன்னும்."
என் கைக்கு அவ்வளவுதான் வரும் என்றேன்.
"அப்ப முனிரத்னாவைக் கூப்பிட்டுட்டு
நீங்க நகருங்க."

கூப்பிட்டேன், நகர்ந்தேன்.
கால்களுக்குப் பக்கத்தில் போய்த்
தரையில் உட்கார்ந்தேன்.
கொலுசில் ஒரு மணி குறைந்திருந்தது.