விதிப்புத்தகத்தில் இல்லாத கன்று

மார்ச்சில் அது வெறும் புல்வெளி.
ஏப்ரலில் அளவுச் சங்கிலியோடு மூன்று பேர் வந்தார்கள்.
மே முடிவதற்குள்
பெரிய பாதையிலிருந்து ஒரு கிளை பிரிந்து
மஞ்சள் பூக்களுக்கு நடுவே வகிடெடுத்து
வேலியோரம் போய் முட்டி நின்றது.
பழைய கட்டைகளை அடுக்கி ஒரு பிளாட்பாரம்,
காளை இறங்க வாகான உயரத்தில்.
மனிதர் இறங்கினால் ஒரு சாண் தடுமாறுவார்.

ஐந்து நாள் கண்காட்சி.
போன வருடம் வேறு ஊர், வரும் வருடம் வேறு ஊர்.
ஹெம்பர்லிக்கு இந்த ஒரு முறைதான்
என்று தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்
ஸ்டேஷன் மாஸ்டர் ட்ரெவிஸ்.
அவர் கழுத்துப் பட்டியில் புதுக் கஞ்சி.

எனக்குப் பேரேடு.
வருவதை எழுது, போவதை எழுது,
இரண்டும் ஒத்துப் போகட்டும்.

சனிக்கிழமை இரவு முழுக்க வந்துகொண்டே இருந்தார்கள்.
புகைபோக்கியை மடித்துக்கொண்டு
தார்ப்பாயின் கீழ் ஒரு நீராவிக் கலப்பை.
வடக்கிலிருந்து செம்மறிகள்,
சீவி முடித்த மணப்பெண்கள் போல.
கூடைக்குள் கோழிகள், விளக்கைக் கண்டதும்
விடிந்ததென்று நம்பி
என்னை ஏமாற்றின, தங்களையும்.
பரிசுக் காளை ஒன்று பெட்டியை விட்டு இறங்க மாட்டேன் என்றது.
ஆறு போர்ட்டர்கள் தள்ளினார்கள்.
ஏழாமவன் ஒரு வாளியைக் காட்டினான்.
இறங்கிற்று.

இரண்டு மணி இருபது நிமிடம்.
கார்ன்வாலிலிருந்து வந்த வண்டி.
பதினேழாம் பெட்டியில் லேபிள்:
'பசு, ஒன்று. ஆள், ஒன்று.'
கதவைத் திறந்தால்
வைக்கோலில் சட்டையில்லாமல் ஜாபெஸ் பெனலூனா.
அவன் சட்டைக்குள்
ஈரம் காயாத இன்னொன்று.

எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் நடுவில் என்றேன்.
பாலத்தின் மேல் என்றான்.
ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒரு கம்பெனி,
இந்தக் கரையில் வேறு கம்பெனி.
பாலம் யாருடையது என்று
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
குதிரைக்கு விதி இருந்தது. பிணத்துக்கு இருந்தது.
உயிருள்ள ஆமைக்குக்கூட இருந்தது.

என் ஊற்றுப் பேனா அந்தரத்தில் நிற்க,
பெனலூனா என் தேநீர்க் கோப்பையை வாங்கிச்
சீம்பால் கறந்து நீட்டினான்.
குடித்தேன்.
அரசுடைமையா கம்பெனியுடைமையா
என்று கேட்கத் தோன்றவில்லை.

டாம்சன் என்ற அந்தச் செம்பசுவுக்கு
எந்தப் பரிசும் கிடைக்கவில்லை.
ஈன்ற இளைப்பு, விலாவெல்லாம் தெரிந்தது,
நடுவர்கள் கைத்தடியால் சுட்டிவிட்டு நகர்ந்தார்கள்.
ஆனால் ஒரு ஷில்லிங் சுற்றுலா ரயிலில்
ஆலைத் தெருக்களிலிருந்து வந்திறங்கிய கூட்டம்
கலப்பையை விட்டது, காளையை விட்டது.
ரயிலில் பிறந்ததாமே, எங்கே எங்கே என்று
எள் விழ இடமில்லாமல் அந்தக் கொட்டகையை மொய்த்தது.
பஞ்சுத்தூசி ஒட்டிய தலைமுடியோடு ஒரு பெண்
கன்றின் வாயில் விரலைக் கொடுத்துவிட்டுக்
கடைசி வண்டியைத் தவறவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, திரும்பும் நாள்.
விலைபோகாத கால்நடை
வந்த வழியே போக
கட்டணமில்லை என்கிறது விதி.
வந்த வழியே.
வராத ஒன்று எப்படித் திரும்பும்?
முழுக்கட்டணம் கேள் என்றார் ட்ரெவிஸ்.
பெனலூனாவிடம் நாலு பென்னியும் ஒரு கத்தியும் இருந்தன.

நான் லேபிள் எழுதினேன்: 'பசு, ஒன்று.'
கீழே கொஞ்சம் இடம் விட்டேன்.
பசையின் ருசிக்கோ என்னவோ
டாம்சன் எட்டி
இடம் விட்ட பாதியை மட்டும் தின்றாள்.

ஜூலையில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.
பெட்டிகளுக்கு அடித்த சுண்ணாம்பு
வேலியோரம் வெள்ளையாய்க் கொட்டிக் கிடந்தது.
புல்லில் இரண்டு வெளிறிய கோடுகள்,
மழை வந்தும் ஒட்டாமல்.

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.
வண்டி எடை பார்த்த இடத்தில்
என் பேரேட்டைவிட எழுபது ராத்தல் கூடுதலாம்.
விளக்கம் தேவை.

வைக்கோல் நனைந்திருந்தது
என்று எழுதினேன்.
நனைந்துதான் இருந்தது.