சாரா மாறி

சில்க் போர்டு சந்திப்பில் நாற்பது நிமிடம் நின்று
ஹாரன்களைப் பதிவுசெய்து வந்தேன்.
பாதிப்பேர் காதில் அது. மீதிப்பேர் காதில் ஒன்றுமில்லை.
இருபது சொற்கள்: குடை, ஆணி, தபால், எலுமிச்சை...
நினைவிருப்பதை எழுதித் தரவேண்டும்.

நான் கூட்டிக் குறைக்கும் சத்தம் சாரா மாறி.
அவர்கள் தரும் எண்ணிக்கை, சார்ந்த மாறி.
படிவத்தில் இரண்டே கட்டம். நிரப்பிவிட்டேன்.

பதினேழாவது ஹேமலதா, அமைதிக் குழு.
நான்கே சொல் எழுதிவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.
"எங்க வீடு மேம்பாலத்துக்குக் கீழ, அக்கா.
சத்தம் நின்னா
யாருக்கோ என்னமோ ஆச்சுன்னு
எழுந்து உக்காந்துடுவோம்."

நான்கு என்று குறித்தேன்.
அவளுக்கு நான் கொடுத்தது அமைதியா?
அதற்குக் கட்டம் இல்லை.

மூன்று மணிக்கு
மொட்டைமாடி ஆய்வகத்தின் தகரக் கூரையில்
பெங்களூரு மழை கொட்டியது,
இரண்டு குழுவுக்கும் பொதுவாக.
எது மாறி என்று ஆங்கிலத்தில் கேட்டார்
தார்வாட்டுப் பேராசிரியர்.
மாரி, என்றேன் தமிழில்.
அவர் சிரிக்கவில்லை.

பதினெட்டாம் ஆள் வாசலில் நிற்கிறான்,
பட்டியலின் முதல் சொல்லை
உதறி மடக்கியபடி.