உப்பு என்று எழுதியது

மூன்றாம் தேதி சம்பளம் வந்தால்
தவசி அதை அம்மன் படத்துக்கு முன் வைப்பதில்லை.
நேரே என் மடியில் போடுவார்.
அம்மனுக்கு விலைவாசி தெரியாதாம்.

வாடகை போக, பள்ளி போக,
சமையலுக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
சொன்னால் ஜமீன் வீடு போலிருக்கும்.
எண்ணி முடிப்பதற்குள் இளைத்துவிடும் லட்சம் இது.

நிலாரின் பழைய பூகோள நோட்டில்
முன்பாதி அவளுடையது.
ஐராவதி வடக்கே கிளம்பி
பன்னிரண்டு பக்கம் ஓடி
கடலில் விழுகிறது.
அடுத்த பக்கத்தில் என் கணக்கு ஆரம்பம்.

அரிசி பன்னிரண்டு பியி, குருணை கலந்தது.
வெங்காயம் இரண்டு வீசை.
தராசு டோ சான் ஈயுடையது;
அவள் சுண்டுவிரல்
மாதம் ஒருவேளை எங்கள் வீட்டில் சாப்பிடுகிறது.

எண்ணெய்க்கு ஞாயிறு காலை வரிசை.
நான்கு மணி நேரம் நின்றால்
வீசைக்கு மூவாயிரம் கியாட் மிச்சம்.
மணிக்கு எழுநூற்றைம்பது.
என் தையல் கூலியைவிட அதிகம்.
நிற்பதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம்
என்று முன்னால் நின்றவளிடம் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை. ஐந்தரைக்கே வந்தவள்.

இருபதாம் தேதிக்கு மேல் முட்டை கிடையாது.
இருபத்தைந்துக்கு மேல் சாம்பாரில்
பருப்பைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு உண்டு.
கறிவேப்பிலை கோயில் மரத்தில்;
பூசாரி வேறு பக்கம் பார்க்கும் நேரம்
எனக்குத் தெரியும்.

அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி
இரண்டாயிரத்து ஐந்நூறு உதைத்தது.

மின்சாரம் இல்லை.
கூட்டிப் பார்க்க ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.
மெழுகுவத்தி கணக்கில் இல்லை, அதையும் எழுதினேன்.
மேலிருந்து கீழே கூட்டினேன்,
கீழிருந்து மேலே கூட்டினேன்.
சுண்டுவிரலைச் சந்தேகப்பட்டேன்,
தவசியின் வெற்றிலையை,
நிலாரின் புதிய ரப்பரை.

பொய். முதலிலிருந்தே தெரியும்.

இருபத்திரண்டாம் தேதி.
தெயிங்ஜீ சந்தையிலிருந்து திரும்பும்போது
இருபத்தேழாம் தெரு முனையில் மழை பிடித்தது.
பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே ஒதுங்கினால்
அங்கே மொஹிங்கா பானை கொதிக்கிறது.
மீன் குழம்பில் வாழைத்தண்டு,
மேலே நொறுக்கிப் போட்ட பருப்பு வடை.
முட்டை போடவா என்றாள்.
என் சட்டம் எனக்கு மனப்பாடம்.
போடு என்றேன்.

நின்றுகொண்டே சாப்பிட்டேன்.
யாருக்கும் எடுத்துவைக்காமல்,
கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை.
மழை எப்போது நின்றதென்று தெரியாது.

மெழுகு நோட்டில் சொட்டுமுன் எழுதினேன்:
உப்பு, 2500.

தவசிக்குத் தமிழ் எழுத வராது.
எழுத்துக் கூட்டி வாசிப்பார், கொஞ்சம் சத்தமாக.
"உ...ப்...பு."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இந்த மாதம் உப்பு ஜாஸ்தியோ?"
"மழைக்காலம். கரைகிறது."
தலையாட்டிவிட்டு நோட்டை மூடினார்.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி
என் கையெழுத்துக்குக் கீழே
வட்ட வட்டமாகப் பர்மிய எழுத்தில் ஒரு வரி:
ஸா, 1800.
ஸா என்றால் உப்பு.
வீட்டில் உப்பு ஜாடி நிறைய இருந்தது.
துவைக்கப் போட்ட சட்டையில்
டீக்கடை வாசனை, ஈச்சாக்வே பொரித்த எண்ணெய்.
முகர்ந்தேன். கேட்கவில்லை.
சோப்பு கொஞ்சம் கூடச் செலவானது, அவ்வளவுதான்.

இப்போது உப்புக்கென்று தனி வரி.
மாதம் நாலாயிரத்து முந்நூறு,
ஒரு கியாட் தாண்டக்கூடாது.
எண்ணெய்கூட எல்லை மீறும்,
வெங்காயம் மீறும், 
உப்பு இதுவரை மீறியதில்லை.

நேற்று ஜாடி காலி.
கடைக்குப் போய் நிஜமான உப்பு
ஒரு பொட்டலம் வாங்கிவந்தேன்.
நோட்டைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறேன்,
இதற்கு என்ன பெயர் எழுதுவதென்று.