கீழ்வீட்டில் பல் மருத்துவர்

வெண்ணெய் கிடையாது. எண்ணெயும் கிடையாது.
முட்டை, மாவு, சர்க்கரை,
ஓர் எலுமிச்சையின் தோல்சீவல்,
தோலுரிக்காத பாதாம் இரண்டு கை.
பிசைந்தால் விரலை விடாது இந்த மாவு,
வட்டிக்காரன் பிடி.
கையை நனைத்துக்கொண்டு
இரண்டு நீளக் கட்டைகளாக உருட்டித்
தட்டில் கிடத்துகிறேன்.

பிராத்தோவில் நவம்பர்.
சன்னலுக்கு வெளியே பிசென்ஸியோ ஆறு
மழையோடு முணுமுணுத்துக்கொண்டு போகிறது.
பகலெல்லாம் கம்பளி ஆலையில்
அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுகிறவள் நான்.
இரவில் இது.
தெருமுனை மதுக்கடைத் தூலியோ
சனிதோறும் நான்கு கிலோ வாங்கிக்கொள்வான்.
பணம் செவ்வாய்க்கிழமை. சில செவ்வாய்களில்
அவன் கடைக்கே வருவதில்லை.

முதல் வேக்காடு இருபத்தைந்து நிமிஷம்.
வெளியே எடுத்தால் ரொட்டி போலிருக்கும்;
பசித்தவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள்.
ஆற வேண்டும், ஆறிப்போய்விடக் கூடாது.
சுடச்சுட அறுத்தால் உதிரும்,
குளிர்ந்தபின் அறுத்தால்
பாதாம் பெயர்ந்து கத்தியோடு வரும்.
நடுவில் ஒரு நேரம் இருக்கிறது.
மேலே உள்ளங்கையை வைத்து
ஐந்து வரை எண்ண முடிந்தால், இப்போது.
ரம்பக் கத்தி. சாய்வாக.

ஏழாவது துண்டில் அழைப்புமணி.
கீழ்வீட்டுப் பல் மருத்துவர், எவரிஸ்தோ மால்வீஸி.
ஆறு வருஷமாக மாடிப்படியில்
தலையசைப்பு மட்டும் பழக்கம்.
கையில் ஒரு கண்ணாடிக் குப்பி,
அதற்குள் நொய்யரிசி போல
மூன்று பல்சில்லுகள்.

"இந்த மாதக் கணக்கு," என்றார்.
"தபால்காரர்.
பத்திரப்பதிவு அலுவலகத்துப் பெண்.
மூன்றாவது ஆள் தேவாலயப் பாடகர்,
வாயைத் திறந்தால் விசிலடிக்கிறது.
மூவரும் உங்கள் பிஸ்கோத்தி."

நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை.
"கடித்தார்களா?"
"கடிக்காமல் எப்படித் தின்பது?"
"பார்த்தீர்களா," என்றேன்.

சொல்லாமலே உட்கார்ந்தார்.
நான் துண்டுகளை வெட்டுமுகம் மேலே தெரிய
ஒருக்களித்துப் படுக்க வைத்து
அடுப்பைத் தணித்து உள்ளே தள்ளினேன்.
எக்ஸ்ரே பார்க்கிறவர் போல
அடுப்பின் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார்.
"வெந்ததை ஏன் மறுபடி வேகவைக்கிறீர்கள்?"
"பெயரே அதுதானே, டாக்டர். இருமுறை வெந்தது.
முதல் தரம் பசிக்கு.
இரண்டாம் தரம் நாள்பட இருக்க."
அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பாதியில் திருப்பிப் போட எழுந்தபோது
தட்டு சுட்டு நான் கெட்ட வார்த்தை சொன்னேன்,
அதற்குத்தான் சிரித்தார்.

சின்ன தம்ளரில் வின் சாந்தோ ஊற்றி
ஒரு துண்டை நீட்டினேன்.
"முக்குங்கள். பத்து எண்ணுங்கள்.
அது குடிக்கட்டும், பிறகு நீங்கள்."
ஒன்று, இரண்டு, மூன்று என்று
உதடு அசைய எண்ணினார் மனிதர்.
நான்கில் பொறுமை போயிற்று.
நறுக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.
தாடையைப் பிடித்தபடி
நாக்கால் துழாவி எடுத்து, துடைத்து,
நான்காவது சில்லையும் குப்பியில் போட்டு மூடினார்.

"இனி நீங்கள் யாரிடம் போவீர்கள்?"
வெகுநேரம் தம்ளரையே பார்த்திருந்தார்.
பல் போனால் சொல் போகுமாம்;
இவருக்குப் பல் போய்த்தான் சொல் வந்தது.
"பிஸ்தோயாவில் ஒருத்தி இருக்கிறாள்.
கைராசிக்காரி.
என் மனைவியாக இருந்தவள்.
நான்கு வருஷமாகிறது பேசி."

மழை விட்டிருந்தது, அல்லது
எங்களுக்குக் கேட்காமல் போயிருந்தது.
அடுப்பைத் திறந்தேன். விளிம்பெல்லாம் பொன்னிறம்,
நடுவில் பாதாமின் வெட்டுமுகங்கள்,
வரிசையாக, முழுசாக.

போகும்போது வாசலில் நின்று
அரைக் கிலோ கட்டித்தரச் சொன்னார்.
கையோடு பணமும் கொடுத்தார்.
தூலியோவுக்குப் போக வேண்டியதிலிருந்து எடுத்து
காகிதத்தில் சுற்றி, நூலால் முடிச்சிட்டு,
"பத்து எண்ணச் சொல்லுங்கள்," என்றேன்.

"எண்ண மாட்டாள்," என்றார்,
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.
"அவளும் கடிக்கிறவள்தான்."